ஒன்றரைக் கேன்

மாற்றாதே என்றான் வெய்னோ,
உதிரிபாகக் கடை மேசைக்கு அந்தப்பக்கம் நின்றபடி.
"இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் மைல்.
இத்தனை நாள் யாரும் தொடவில்லையென்றால்
இனிமேல் தொடக்கூடாது, மார்லிஸ்.
கிளட்ச் தேய்ந்த பொடியெல்லாம்
அந்த எண்ணெயில்தான் மிதக்கிறது.
அந்த அழுக்குதான் இப்போது பிடிமானம்.
வடித்துவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு ஓடும்?"

டுவேனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்,
காரைப்பற்றி அல்ல.

ஹான்காக்கில் நவம்பர்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வந்த காற்று
கராஜ் கதவின் அடியில் நுழைந்து
விரித்த அட்டைப்பெட்டிக்கும் என் முதுகுக்கும் நடுவே
படுத்துக்கொண்டது.
முகத்துக்கு மேலே தொண்ணூற்று நாலு பியூக்.
மூன்று வாரமாய் குயின்சி மேட்டில்
இரண்டாம் கியருக்குப் போகும்முன் யோசிக்கிறது,
எங்கே போயிருந்தாய் என்று கேட்டால்
யோசிப்பவனைப் போல.

வடிதிருகு கிடையாது இதற்கு. தட்டையே இறக்கவேண்டும்.
ஒரு மூலையை மட்டும் விட்டுவைத்து
போல்ட்டுகளைத் தளர்த்தினால்
தானாய்ச் சாயும் என்றது கையேடு.
சாயவில்லை.
ஸ்க்ரூடிரைவரைச் சொருகி ஒரு தட்டு தட்டினேன்.
சாய்ந்தது,
முழங்கைவரை, சட்டைக்குள், காதுக்குள்,
வெதுவெதுப்பாய்.

புதிதில் செர்ரிச் சாறு நிறம்.
இது நேற்றைய காப்பி.
முகர்ந்து பார்த்தேன். கருகல் உண்டு,
அடிபிடித்த பால் அளவுக்கு,
பயப்படு என்றோ படாதே என்றோ
சொல்லாத அளவுக்கு.

தட்டின் மூலையில் ஒரு காந்தம்.
அதன்மேல் சாம்பல்நிறப் பஞ்சாய்
முப்பது வருட இரும்பு.
விரலில் தேய்த்தால் மைபோல் வழுக்குகிறது.
முள் இல்லை, சில்லு இல்லை.
தேய்ந்திருக்கிறது, உடையவில்லை.
இதை டுவேனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.
துடைத்துவிட்டுக் காந்தத்தைத் திரும்ப ஒட்டினேன்.

ஆஸ்பத்திரியில் என் வேலையே இதுதான்:
உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு,
படுக்கை எண்ணுக்கு எதிரே எழுதுவது.
வந்ததைப் பால் கேன்களில் ஊற்றி அளந்தேன்.
ஒன்றரை.
மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதி,
பழக்கதோஷம், மணியும் எழுதினேன்.

புது வடிகட்டி, புது கேஸ்கெட்.
நீளக் கழுத்துப் புனலில்
ஒன்றரைக் கேன் சிவப்பு இறங்கும்வரை
சும்மா இருக்கமுடியாமல்
கையேட்டைப் புரட்டினால், அடுத்த பக்கத்தில்
பொடி எழுத்தில் ஒரு வரி:
இப்படி வடித்தால் பாதிதான் வரும்.
மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளேயே நிற்கும்.
ஓட்டு, கலக்கவிடு, பிறகு மறுபடி வடி.

வாய்விட்டுச் சிரித்தேன், காரடியில் தனியாய்.
உன் அழுக்கு பத்திரமாய் இருக்கிறது, வெய்னோ.

இறக்கி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு,
பிரேக்கை மிதித்தபடி
ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ்,
ஒவ்வொன்றிலும் மூன்று மூச்சு.
டிப்ஸ்டிக் நுனியில் பார்த்தேன்:
செர்ரியுமில்லை, காப்பியுமில்லை,
நனைந்த செங்கல்.

இரவு ஷிப்டுக்கு இருபது நிமிடம் இருந்தது.
ஆஸ்பத்திரி மேட்டுக்கு இந்தப்பக்கம்தான்.
இருந்தும் மேட்டுக்குத் திருப்பினேன்.
ரேடியோவை அணைத்தேன்.
முதல் கியர் இழுக்கிறது,
இழுக்கிறது,
பழைய சுரங்கக் கோபுரம் தலைகாட்டும் வளைவு,
எப்போதும் யோசிக்கும் இடம்.
யோசித்தது.
முன்னைவிடக் குறைவாகவா? முன்பு நான் எண்ணியதில்லை.
பிறகு ஒரு சின்ன உதை,
பின்சீட்டில் யாரோ
காலை மாற்றிப் போட்டாற்போல்,
இரண்டு.

டிக்கியில் கேன்கள் ஒன்றையொன்று முட்டின.
நாளை கடையில் ஒப்படைக்கவேண்டும்.
வெய்னோ எதுவும் கேட்கமாட்டான்.
மூடியைத் திருகி
முகர்ந்து பார்ப்பான்.